உப்பு மிளகு

வாழவந்தியில் முதல் பஸ் ஏறி
இருபது கொண்டை ஊசி இறங்கி வந்தவளுக்கு
இருபத்தோராவது ஊசி என்னுடையது.

வெள்ளச்சி, நாற்பத்தொன்று.
மரத்துப்போக மருந்து வேண்டாம் என்கிறாள்.
"முசுறு கடிச்சா இதவிட எரியுங்க."
சில்வர் ஓக்கில் ஏணி சாய்த்து
மிளகு பறிக்கிற கை
கட்டில் விளிம்பை மட்டும் விடவில்லை.

முழுங்காதீங்க. பேசாதீங்க.
இரண்டு விரலுக்கிடையே கட்டியை நிறுத்தி
உள்ளே, வெளியே, உள்ளே.
உறிஞ்சி இழுக்கக்கூட வேண்டாம்,
தானாக ஏறுகிறது
ஊசிக்குள் மயிரளவு ஈரம்.
கண்ணாடியில் ஒரு சொட்டு.
இன்னொரு கண்ணாடியால் இழுத்துத் தேய்த்து
ஒன்றைக் காற்றில் காயவிட்டேன்,
ஒன்றை ஆல்கஹாலில் இறக்கினேன்.

"இத்துனூண்டுதானா?"
குரலில் பாதி காற்று.
மலையில் யாரோ சொன்னார்களாம்,
கழுத்து வீங்கினால் உப்பை மாற்று என்று.
கல்லுப்பை நிறுத்திப்
பாக்கெட் உப்பு வாங்கி ஒரு வருஷம்.
"உப்பு மாறிச்சுங்க. இது மாறல."

பஞ்சை ஐந்து நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.
சும்மா நிற்க முடியாமல் கேட்டேன்,
மிளகு எப்போது பறிப்பீர்கள்?
"பூராவும் பழுக்கட்டும்னு இருந்தா
குருவி தின்னுரும்.
கொத்துல ஒரு மணி செவந்தாப் போதும்,
கொத்தோட பறிச்சிரணும்."

மதியம்.
ஜீம்சா நீலம் நகக்கண்ணை விட்டுப் போகவில்லை.
அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் யாரோ
ஹாரன்மேல் படுத்தே விட்டான்.
சந்தை கலைந்த பிறகும்
வீட்டுக்குப் போகாதவர்கள் மாதிரி
தனித்தனியாக நிற்கும் செல்கள்.
சில உருண்டை. சில வால் நீண்டவை.
இடையில் கத்தரிப்பூ நிறத்தில்
உறைந்த பசை.
ஆல்கஹாலில் போட்டதை வைத்து
நாற்பது மடங்கு லென்ஸைத் திருப்பினேன்.
ஒவ்வொரு கருவுக்குள்ளும்
பொடியும் பரலும் தூவியிருந்தது.

பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர்
உப்பு மிளகு.
பெயர் வைத்தவன்
ஆம்லெட் முன்னால் உட்கார்ந்திருந்திருப்பான்.
ஏணியில் நின்றவனில்லை.

தைராய்டு புற்று நூறு வந்தால்
இது மூன்றோ நான்கோ.
இந்த வருஷம் என் மேசைக்கு இதுதான் முதல்.
அனுப்பிய சீட்டில்
குடும்ப வரலாறு: ஒன்றுமில்லை.

நானே போன் போட்டேன்.
அம்மா?
"கழுத்தோடவே போச்சுங்க."
அண்ணன் தம்பி?
"அண்ணன் ஒண்ணு. குடலிறக்கத்துக்கு
ஆபரேசன்னு போச்சு.
கத்தி வெச்சதும் பிரசர் எகிறி
மேசையிலயே."
பிறகு கொஞ்ச நேரம்
மலைக்காற்று மட்டும் பேசியது.

இரண்டு வரிக்கு மேல்
அறிக்கை எழுதுகிறவள் இல்லை நான்.
இன்று எட்டு.
கால்சிடோனின் பார்க்கவும்.
கழுத்தில் கை வைக்குமுன்
சிறுநீரகத்தின் தலையில் குல்லாய்போல் இருக்கும்
அந்த இரண்டு சுரப்பிகளைப் பார்க்கவும்.
கடைசி வரியை
எழுதி, அழித்து, எழுதினேன்:
ரத்த சொந்தங்கள் அனைவரும்.

வாங்க வந்தது மகள். ஜீவிதா.
ப்ளஸ் டூ யூனிஃபார்ம்.
அம்மா கொடுத்தனுப்பிய
அரைக்கிலோ மிளகு, மஞ்சப் பையில்.
உறையை ஒட்டியிருக்கேம்மா,
டாக்டர்கிட்டயே பிரிக்கச் சொல்லு.
தலையாட்டினாள்.
"தண்ணி இருக்குங்களா?"

பாட்டிலை வாங்கி
உதட்டில் படாமல் அண்ணாந்தாள்.

விழுங்கும்போதுதான்
அது ஏறி இறங்குவது தெரியும்.
பார்க்கக் கூடாதென்று
மிளகுப் பையை முடிந்தேன்,
அவிழ்த்தேன்,
திரும்ப முடிந்தேன்.

பார்த்தேன்.